ஆற்காட்டு வைரங்கள்: நவாப் கொடுத்தது, பிரபு குடும்பம் காத்தது, பட்டறை குறைத்தது

ஏழுகல் | மார்ச் 4, இரவு 9.40

அம்மா வழியில் வந்த ஏழுகல் வைரத்தோடு ஒரு ஜோடி. ஆம்பூர்ப் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "இது ஆற்காட்டு நவாப் அரண்மனைக் கல், ப்ளூ ஜாகர்." நவாப் லண்டன் ராணிக்கு அனுப்பிய வைரங்களும் இதே ரகம்தான், அவை இன்றும் பிரிட்டிஷ் கிரீடத்தில் இருக்கின்றன என்றும் சொல்வார்கள். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில் காட்டினேன். கல்லைக் கழற்றி மறுபட்டை போட்டால், அதாவது புதிதாகத் தேய்த்துப் பட்டை தீட்டினால், டால் கூடும், சர்ட்டிபிகேட்டும் வாங்கலாம் என்கிறார்கள். கிரீடக் கதை உண்மையா? ப்ளூ ஜாகர் நவாப் கல்லா? மறுபட்டை போடலாமா?

சேப்பாக்கம் | மார்ச் 4, இரவு 10.25

கிரீடத்தில் இல்லை. அரச குடும்பத்தை விட்டுப் போய் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது.

வரிசை இது. 1777-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணிக்கு ஐந்து வைரங்கள் அனுப்பினார். அவற்றில் பெரிய இரண்டுக்குத்தான் 'ஆற்காட்' என்ற பெயர் நிலைத்தது. 1818-இல் ராணி இறந்தார். 1837 ஜூலை 20 அன்று லண்டன் வில்லிஸ் ரூம்ஸில் நடந்த ஏலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் முதலாம் மார்க்விஸ் ராபர்ட் க்ரோவ்னர் 11,000 பவுண்டுக்கு வாங்கினார். அந்தக் குடும்பத்திலேயே 122 வருஷம் இருந்தன. 1959-இல் 1,10,000 பவுண்டுக்குப் போயின. பத்து மடங்கு.

லூப் | மார்ச் 4, இரவு 11.05

இரண்டாம் கேள்விக்கு நான் வருகிறேன். ப்ளூ ஜாகர் என்ற சொல் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வைரம் கிடைத்தது 1870-இல். நவாப் வாலாஜா இறந்தது 1795-இல். கல் உண்மையிலேயே ஜாகர் என்றால் நவாப் அதைப் பார்த்திருக்க முடியாது. நவாப் கல் என்றால் அது ஜாகர் இல்லை. இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

இன்று சிராங்கூன் ரோட்டிலும் சரி, சென்னையிலும் சரி, வெள்ளையில் மெல்லிய நீலச்சாயல் ஓடும் பழைய கல் எல்லாவற்றுக்கும் ஜாகர் என்று பெயர் சொல்லிவிடுகிறார்கள். அது நிறத்தைக் குறிக்கும் வியாபாரப் பேச்சு. எந்தச் சுரங்கத்துக் கல் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

மறுபட்டை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

சேப்பாக்கம் | மார்ச் 5, காலை 7.15

நேற்று எழுதிய 'பத்து மடங்கு' தவறு. 1837-இல் 11,000 பவுண்ட் என்பது இரண்டு ஆற்காட் கற்களுக்கு மட்டும். 1959-இல் விற்றது ஒரு முழுத் தலையணி. பாரிஸின் லாக்லோஷ் நிறுவனம் 1930-இல் அதே வெஸ்ட்மின்ஸ்டர் குடும்பத்தின் இரண்டாம் டியூக்குக்குச் செய்து கொடுத்தது. நடுவில் 32 காரட்டுக்கு மேற்பட்ட ஒரு வட்டக்கல், இருபுறமும் ஆற்காட், சுற்றிலும் சின்ன வைரம் 1,421. அத்தனையும் சேர்ந்த விலைதான் 1,10,000. இடையில் பவுண்டின் மதிப்பும் விழுந்திருக்கிறது. இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதே சரியில்லை.

ஏழுகல் | மார்ச் 5, மதியம் 1.10

ராணி நகை என்றால் அடுத்த ராணிக்குத்தானே போகணும்? ஏலத்துக்கு எப்படி வந்தது?

சேப்பாக்கம் | மார்ச் 5, இரவு 8.50

நல்ல கேள்வி அக்கா. விஷயமே இதில்தான் இருக்கிறது.

சார்லட் ராணி உயிலில் நகைகளை வகை பிரித்தார். ஜெர்மனியின் ஹனோவர் அரச வம்சத்துக்கு உரியது என்று ஒரு பகுதி. நவாப் கொடுத்தவை தனி. அவற்றை விற்று, பணத்தை நான்கு மகள்களுக்குப் பங்கு போடச் சொன்னார். அவருக்கு மகள்கள் ஆறு பேர். மூத்தவர் வுர்ட்டம்பெர்க்கில் வாழ்க்கைப்பட்டு வசதியாக இருந்தார். கடைக்குட்டி அமீலியா 1810-லேயே இறந்துவிட்டார். மீதி அகஸ்டா, எலிசபெத், மேரி, சோஃபியா. அதாவது நவாப் கொடுத்ததை ராணி தன் சொந்தச் சீதனமாகத்தான் பார்த்தார். அரியணைச் சொத்தாக நினைக்கவில்லை. நம் வீட்டில் அம்மா தன் தாய்வீட்டு நகையை மகள்களுக்கு என்று ஒதுக்குவதைப் போல.

ஹனோவர் பகுதி பெரிய வழக்காகிவிட்டது. 1837-இல் விக்டோரியா அரியணை ஏறியதும், அதுவரை ஒரே அரசரின் கீழ் இருந்த பிரிட்டனும் ஹனோவரும் பிரிந்தன, ஏனென்றால் ஹனோவரில் பெண் ஆள முடியாது. அங்கே அரசரான சார்லட்டின் மகன் எர்னஸ்ட் அகஸ்டஸ், இது பேத்தி விக்டோரியாவின் 'பாட்டி நகை' அல்ல, என் 'அம்மா நகை' என்று உரிமை கேட்டார். இருபது வருஷம் இழுத்தது. கடைசியில் தீர்ப்பு ஹனோவர் பக்கம். 1858 ஜனவரியில் விக்டோரியா நகைகளைக் கொடுத்தே ஆகவேண்டி வந்தது. உயிலில் ஒரு வரி தெளிவாக இருந்தால் என்ன ஆகும், குழப்பமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ராணியின் பெட்டியில் இரண்டு உதாரணம். விற்கச் சொல்லி எழுதிய ஆற்காட் கற்கள் அந்த வழக்குக்குள் வரவேயில்லை.

அவை போய்ச் சேர்ந்தது அரச நகைவியாபாரிகளான ரண்டெல் அண்ட் பிரிட்ஜ் கடை. அதன் பங்குதாரர் ஜான் பிரிட்ஜ் 1834-இல் இறந்தார். 1837-இல் கடையின் பெரிய கற்கள் ஏலத்துக்கு வந்தன.

கடாரம் | மார்ச் 5, இரவு 9.30

பிகாட் வைரமும் நவாப் கொடுத்த ஐந்தில் ஒன்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேப்பாக்கம் | மார்ச் 5, இரவு 10.40

சேர்க்க முடியாது. கலப்பதற்குக் காரணம் புரிகிறது: ஊர் ஒன்று, காலம் ஒன்று, கடை ஒன்று. ஆனால் கல் வேறு.

ஜார்ஜ் பிகாட் இரண்டு தடவை சென்னை ஆளுநராக இருந்தவர். பிகாட் வைரம் அவருடைய சொந்தக் கல், முதல் ஆட்சிக் காலத்தில் கிடைத்தது. அவருக்குப் பின் வாரிசுகளால் ஒரே ஆளாக வாங்குபவரைப் பிடிக்க முடியவில்லை. நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டுக் குலுக்கல் நடத்தினார்கள். ஆளுக்கு இரண்டு கினி, 11,428 சீட்டு. கினி 21 ஷில்லிங், கணக்குப் போட்டால் 23,998 பவுண்ட் 16 ஷில்லிங். 1801-இல் குலுக்கினார்கள். பிறகு ரண்டெல் கைக்கு வந்து, அங்கிருந்து கிரேக்கப் பகுதியை ஆண்ட அலி பாஷாவிடம் போனது. சார்லட் ராணி காதில் ஏறவே இல்லை.

ஆனால் பிகாட் இந்தக் கதைக்கு வேண்டிய ஆள். 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் உதவியோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776 ஏப்ரலில் பிகாட் தஞ்சாவூரை அதன் மராட்டிய அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போது பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் எழுந்து, தஞ்சாவூர் வருவாயின் மேல் நவாப் எனக்கு 1,62,000 பவுண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார், நின்ற பயிரின் மேல் குடிகள் 72,000 பவுண்ட் தரவேண்டும் என்று நின்றார். நிற்கும் நெல்லை அடகு வைத்த கணக்கு அது. ஆளுநரின் ஆலோசனை மன்றத்தில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தது. 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே கைது செய்தார்கள். 1777 மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்தார்.

வைரங்கள் கொடுத்ததும் அதே 1777. நவாப்பின் கடன்களை ஒன்றாகத் திரட்டி எழுதியதும் அதே 1777. கம்பெனிக்கு மேலே அரசர் இருக்கிறார், அவரிடம் நேராகப் போனால் தஞ்சாவூர் திரும்பக் கிடைக்கும் என்பது வாலாஜாவின் நம்பிக்கை. 1770-இல் சர் ஜான் லிண்ட்சே அரசரின் நேரடித் தூதராகவே நவாப்பிடம் வந்திருந்தார், ஆகவே அந்த நம்பிக்கைக்கு அடிப்படையும் இருந்தது. இதை வெறும் அன்பளிப்பு என்று எழுதுகிறவர்கள் தஞ்சாவூரை மறந்துவிட்டு எழுதுகிறார்கள். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நவாப்பின் கடன் பற்றிப் பேசிய பேச்சு முழுக்க இந்தப் பணம் யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்பதுதான்.

லூப் | மார்ச் 6, காலை 8.20

இப்போது மறுபட்டை. ஆற்காட் கற்களையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் டியூக் 1953-இல் இறந்தார். வாரிசு வரி கட்டத்தான் 1959-இல் தலையணியை விற்றார்கள். வாங்கிய நியூயார்க் நகைவியாபாரி ஹாரி வின்ஸ்டன் தலையணியைப் பிரித்து இரண்டு ஆற்காட்டையும் மறுபட்டைக்கு அனுப்பினார்.

பெரியது 33.70 காரட்டிலிருந்து 31.01. போனது 2.69 காரட், எட்டு சதவீதம்.
சின்னது 23.65-லிருந்து 18.85. போனது 4.80, இருபது சதவீதம்.

சின்னதை அதோடு விடவில்லை. பிறகு இன்னொரு தடவை தேய்த்து 17.21 ஆக்கினார்கள். 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தக் கல் 3.375 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. டி நிறம் (நிறமே இல்லாத உயர்ந்த தரம்), உள்ளே குறை இல்லை. ஆக நவாப் கொடுத்த கல்லில் 27 சதவீதம் தூளாகப் போயிருக்கிறது. 1777-இல் பட்டை போட்டவன் கை வைத்த பரப்பு ஒன்றாவது மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெயரும் பரம்பரையும் இருக்கின்றன, கல்லின் முகம் புதிது.

இதைவிட மோசம் அதே குடும்பத்தில் இருந்த நாசக் வைரம். நாசிக் அருகே திரியம்பகேஸ்வரர் கோயில் கல், 1818 மராட்டியப் போரில் எடுத்துப் போனது. அதே 1837 ஏலத்தில் 7,200 பவுண்டுக்கு இன்னொரு வியாபாரி வாங்கி, பின்பு மார்க்விஸ் கைக்கு வந்தது. அவர் அதை வாளின் கைப்பிடியில் பதித்தார். 80.59 காரட்டாக இருந்தது. 1940-இல் வின்ஸ்டன் வாங்கி மறுபட்டை போட்டதும் 43.38. கிட்டத்தட்டப் பாதிக் கல்.

பட்டறைக்காரர் ஏன் இப்படி அனுப்புகிறார்? பழைய பட்டையில் கல்லின் கீழ்முனையைக் கூராக்காமல் சின்னத் தளமாக விட்டிருப்பார்கள். லூப்பில் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடியில்) மேலிருந்து பார்த்தால் நட்ட நடுவில் ஒரு துளை போலத் தெரியும். மேல்தளம் சிறிது, உடம்பு ஆழம். எண்ணெய் விளக்கிலும் மெழுகுவத்தியிலும் பெரிய பெரிய வண்ணத் துண்டுகளாகத் தெறிக்கும். இன்றைய எல்இடி வெளிச்சத்தில், கண்ணாடிக் கவுண்டர் மேல் வைத்தால் நவீனக் கல்லுக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும். அந்தக் கவுண்டர் வெளிச்சத்தில் வைத்துத்தான் உங்களிடம் மறுபட்டை பேசியிருப்பார்கள். வீட்டில் விளக்கேற்றி அதன் முன்னால் வைத்துப் பாருங்கள்.

லூப் | மார்ச் 6, காலை 8.55

உங்கள் தோட்டுக்கு உரிய கணக்கு. ஒரு தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஜோடிக்குப் பதினான்கு. வட்டக் கல்லுக்கு: குறுக்களவு × குறுக்களவு × ஆழம் × 0.0061, மில்லிமீட்டரில். 4.0 மி.மீ. குறுக்கு, 2.5 ஆழம் என்றால் 0.24 காரட், அதாவது 24 சென்ட். பழைய கல் அச்சு வட்டமாக இருக்காது. அகலத்தில் ஒன்றும் குறுகலில் ஒன்றுமாக இரண்டு அளவெடுத்து சராசரி போடுங்கள்.

24 சென்ட் கல்லை மறுபட்டை போட்டு முப்பது சதவீதம் போனால் 17 சென்ட். மொத்த வியாபார விலைப்பட்டியலில் 23 முதல் 29 வரை ஒரு படி, 18 முதல் 22 வரை அடுத்த படி. இரண்டு படி இறங்கிவிடுவீர்கள். எடையும் போகும், காரட்டுக்கான விலையும் இறங்கும். பெரிய கல்லில் குறை நீங்கினால் விலை ஏறி இழப்பை ஈடுகட்டும். ஆற்காட்டில் அப்படி நடந்தது. ஏழுகல் தோட்டில் நடக்காது. இன்னொன்று, குறுக்களவு சுருங்கிய கல் பழைய கட்டிடத்தில், அதாவது கல்லைப் பதித்த தங்கக் கூட்டில், ஆடும். தங்கத்தையும் புதிதாகக் கட்டவேண்டி வரும்.

மறுபட்டை வேண்டாம் என்பதே என் பதில்.

ஏழுகல் | மார்ச் 6, இரவு 9.15

ரொம்ப நன்றி. தோட்டின் பின்பக்கம் மூடியிருக்கிறது. ஆழம் எப்படி அளப்பது? கழுவலாமா?

லூப் | மார்ச் 6, இரவு 10.30

மூடிய கட்டிடமா? முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அப்படியானால் மேலே சொன்ன ஆழக் கணக்கு இப்போதைக்கு ஓடாது.

கழுவவே கூடாது. கல்லுக்கு அடியில் தகடு இருக்கும், உள்ளே அரக்கு நிரப்பியிருக்கலாம். கடைகளில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் நீராவியிலும் போட்டால் ஓரத்தின் வழியாக ஈரம் இறங்கும். ஒரே மாதத்தில் தகடு கறுத்துக் கல் செத்த மாதிரி ஆகிவிடும். கல்லில் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் பார்ப்பவர் கல் கெட்டுவிட்டது என்பார். நம் ஊர் ஈரப்பதத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உலர்ந்த மென்தூரிகை, பிறகு மெத்தென்ற துணி, அவ்வளவுதான். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள். வைரத்துக்கும் தங்கத்துக்கும் அது நல்லது. முத்து இருந்தால் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள், முத்து வறண்டு வெடிக்கும்.

தகடு இருப்பதால் இன்னொரு சிக்கல்: இப்போது தெரியும் நீலச்சாயல் கல்லுடையதா, அடியில் இருக்கும் தகட்டுடையதா என்று மேலிருந்து சொல்ல முடியாது. ப்ளூ ஜாகர் பேச்சே அதிலிருந்து பிறந்திருக்கலாம்.

கடாரம் | மார்ச் 7, காலை 6.50

பழைய இந்தியச் சுரங்கக் கல் என்று காட்டும் கோல்கொண்டா சர்ட்டிபிகேட் கேட்டால் என்ன? அதில் நவாப் காலமா என்று தெரிந்துவிடுமே.

லூப் | மார்ச் 7, மதியம் 12.40

தெரியாது. பரிசோதனைக் கூடம் அகச்சிவப்பு அலைமானியில் பார்த்து, கல்லில் நைட்ரஜன் தென்படவில்லை என்றால் 'டைப் 2ஏ' என்று எழுதும். பெரிய கோல்கொண்டா கற்கள் பல அந்த வகை என்பதால் வியாபாரத்தில் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்கக் கல்லினன் சுரங்கத்திலும் லெசோத்தோவின் லெட்செங்கிலும் டைப் 2ஏ வருகிறது. அது கல்லின் வேதியியலைச் சொல்லும். ஊரையும் வருஷத்தையும் சொல்லாது. ஊரை உறுதிசெய்வது காகிதம்தான்: உயில், ஏலப் பட்டியல், கடைப் பேரேடு. ஆற்காட்டுக்கு அது 1777-லிருந்து இருக்கிறது.

24 சென்ட் கல்லைக் கழற்றிப் பதினான்கு சர்ட்டிபிகேட் எடுப்பதில் அர்த்தமும் இல்லை. செலவு கூடும், கழற்றும்போது ஓரம் தெறிக்கும் அபாயம், கற்கள் இடம் மாறும் அபாயம்.

சேப்பாக்கம் | மார்ச் 7, மாலை 5.30

காகிதம் என்றதும் ஒன்று. வெஸ்ட்மின்ஸ்டர் குடும்பத்தில் கல் தலைமுறை தாண்டியதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. மார்க்விஸ் பட்டம் 1831, டியூக் பட்டம் 1874. மேஃபேர், பெல்கிரேவியா நிலம் கையில். நகையை விற்கத் தேவையே வரவில்லை. தேவை வந்த அன்று, வரி கட்ட, தலையணி போய்விட்டது. கொடுத்த குடும்பத்தைப் பாருங்கள்: நவாப்பின் ஆற்காட்டு (அன்றைய பெயர் கர்நாடகம்) ஆட்சியை 1801-இல் கம்பெனி எடுத்துக்கொண்டது, 1855-இல் நவாப் பட்டத்தையும் ஒழித்தது. இன்று சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் மட்டும் தொடர்கிறது.

லூப் | மார்ச் 8, காலை 9.00

அக்கா, நீங்கள் செய்யக்கூடிய வேலை. மறைகழற்றாமல், திறக்காமல்.

தோட்டைக் கட்டக் காகிதத்தின் மேல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில். மேலே இருக்கும் கல் ஒன்று, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் ஆறு வரை, நடுக்கல் ஏழு. வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக. ஒவ்வொன்றின் குறுக்களவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். பத்து மடங்கு லூப்பில் நடுவில் கீழ்முனைத் துளை தெரிகிறதா என்று ஒவ்வொரு கல்லுக்கும் 'உண்டு, இல்லை' போடுங்கள். மொத்த எடை கிராமில். இதன் ஒரு நகல் இல்லாமல் எந்தக் கடையிலும் தோட்டைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம். அடகுக்கடையிலும் இதே. அங்கே தங்க எடைக்குத்தான் பெரும்பாலும் பணம், சின்னக் கல்லைக் கழித்துவிடுவார்கள், ஆகவே ரசீதில் கல் எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழுகல் | மார்ச் 9, இரவு 8.05

செய்துவிட்டேன். இடது தோடு ஏழிலும் துளை உண்டு. வலதில் ஆறுக்கு உண்டு, நான்காம் கல்லுக்கு இல்லை. அந்த ஒன்று மட்டும் 3.7 மி.மீ., மற்றவை எல்லாம் 3.9, 4.0. விளக்கின் முன்னால் வைத்தபோதும் அதுதான் வேறு மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. மறுபட்டை போடப்போவதில்லை.

லூப் | மார்ச் 9, இரவு 8.40

நான்காம் கல் பின்னால் மாற்றியது. நவீனப் பட்டை. எப்போதோ ஒரு கல் விழுந்து, அல்லது எடுக்கப்பட்டு, புதிது வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்ப மாற்ற வேண்டாம். குறிப்பில் 'வலது, 4, மாற்றிய கல், 3.7' என்று எழுதி இன்றைய தேதி போடுங்கள். ஆம்பூரில் யாருக்காவது நினைவிருந்தால் எந்த வருஷம் என்று கேட்டு அதற்குக் கீழே சேருங்கள்.